கரியை அணைத்தால் விளக்கு அணையுமா?

(நம் சங்கத்தின் செம்பூர் வட்டாரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு இப்படியொரு தலைப்பு என்றதும் நம்மவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். "குடிசைக் கணக்கெடுப்பைப் பற்றிப் பேசலாம், ரேஷன் கார்டைப் பற்றிப் பேசலாம், பவர் ஹவுஸ் நமக்கெதற்கு? அது இன்ஜினியர்கள் பாடு" என்றார்கள். நமக்கெதற்கு என்று நாம் ஒதுங்கிய விஷயங்களில் எது நமக்குச் சாதகமாக முடிந்திருக்கிறது, சொல்லுங்கள்!

டிராம்பே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி நமக்குப் பழகிப்போன ஒன்று. கிழக்குப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு அது வீட்டு வாசல் வேப்பமரம் மாதிரி. அந்த நிலையத்தில் 500 மெகாவாட்டில் ஒன்றும் 250 மெகாவாட்டில் ஒன்றும் ஆக இரண்டு யூனிட்டுகள் கரியில் ஓடுகின்றன. கரி கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருகிறது. வடக்கே பால்கர் மாவட்டத்தில் தஹானுவில் இன்னொரு கரி நிலையம், 500 மெகாவாட். பம்பாய்க்கென்று ஏற்பட்ட கரி நிலையங்கள் இவைதாம். இவற்றை மூட வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். மூடினால் பம்பாய் இருண்டுபோகும் என்கிறார்கள் மற்றொரு சாரார்.

இந்த இரண்டாவது பேச்சை நாம் ஏளனம் செய்யக் கூடாது. தாராவியில் நடுநிசியில் எழுந்து இட்லி மாவு ஆட்டுகிற குடும்பங்கள் எத்தனை! கிரைண்டர் இரண்டு மணி நேரம் நின்றால் அன்றைய வியாபாரம் போயிற்று. பெரிய கட்டடத்துக்காரனிடம் ஜெனரேட்டர் இருக்கிறது. நம்மிடம் மெழுகுவர்த்திதான் இருக்கிறது. கரண்ட் போகும் என்ற பயம் ஏழையின் பயம். அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை, அதைக் காட்டி நம்மை மிரட்டுவதில் எவ்வளவு சூது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கூட்டம்.

முதலில் கிரிட் என்கிற மின் வலையைப் புரிந்துகொள்வோம். மின்சாரம் அரிசி மூட்டையல்ல, கிடங்கில் அடுக்கிவைத்து வேண்டும்போது எடுக்க. நாடு முழுவதும் இந்த விநாடியில் எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவு இந்த விநாடியிலேயே உற்பத்தியாக வேண்டும். இரண்டும் சமமாக இருக்கிறதா என்று காட்டுகிற நாடித்துடிப்பு ஒன்று உண்டு. அது 50 ஹெர்ட்ஸ். செலவு கூடினால் துடிப்பு இறங்கும். உற்பத்தி மிஞ்சினால் ஏறும். 49.90க்கும் 50.05க்கும் நடுவே அதை நிறுத்திவைக்க வேண்டும் என்பது இந்தியாவில் விதி. ரொம்பவும் இறங்கிவிட்டால் மின் நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே கழன்றுகொள்ளும். ஒன்று கழன்றால் மற்றதன் தலையில் பாரம், அதுவும் கழலும். சீட்டுக்கட்டு சரிகிற கதைதான்.

ஊருக்குப் போகும்போது கர்ஜத்தில் வண்டி நிற்கிறதே, எதற்கு? வடைக்காக மட்டுமல்ல! லோனாவ்லா ஏற்றத்துக்காகப் பின்னால் பேங்கர் இன்ஜின்களை மாட்டுகிறார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் இவை தள்ள, போர்காட் ஏறுகிறோம். ஏற்றத்தின் நடுவில் ஓர் இன்ஜின் சோர்ந்தால் வண்டி அந்த நொடியே நின்றுவிடாது. வண்டியின் கனமும் ஓட்டமும் சேர்ந்து சில விநாடி இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சில விநாடிக்குள் மற்ற இன்ஜின்கள் தம் பிடித்தாக வேண்டும். கரி நிலையத்தின் டர்பைனும் ஜெனரேட்டரும் பல டன் எடையோடு நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகின்றன. எங்கோ ஒரு நிலையம் திடீரென்று விழுந்தால், இந்தச் சுழலும் கனம்தான் சில விநாடி அவகாசம் தருகிறது. சூரியத் தகட்டில் சுழல எதுவுமில்லை. அது வெயிலை வாங்கி மின்சாரமாகக் கொடுக்கிறது, அவ்வளவுதான். போதாததற்கு, சாயங்காலம் நாம் வேலை முடிந்து வந்து விளக்கும் மின்விசிறியும் போடுகிற நேரத்தில் சூரியன் ஓய்வுக்குப் போய்விடுகிறது. கரிக்காரர்களின் வாதத்தில் உள்ள சத்தான பகுதி இதுதான். இதை இல்லையென்று சாதிக்கிறவர்கள் நமக்கு உதவி செய்யவில்லை.

பம்பாய்க்குத் தனியாக இன்னொரு சங்கடமும் உண்டு. நெருக்கமான ஊர். சுற்றிலும் கடலும் கழிமுகமும் அலையாத்திக் காடும். வெளியிலிருந்து உயர் அழுத்தக் கம்பி கொண்டுவர இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகவே 1981 முதல் இங்கே ஒரு ஏற்பாடு இருந்துவருகிறது. வெளியே கிரிட் சரிந்தால் பம்பாய் மட்டும் தன்னைத் துண்டித்துக்கொண்டு, ஒரு தீவு போல, உள்ளூர் மின் நிலையங்களை வைத்துத் தப்பித்துக்கொள்ளும். மகாராஷ்டிரம் முழுவதும் இருண்ட நாட்களில்கூடப் பம்பாயில் விளக்கு எரிந்ததாகப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வது இதனால்தான். அந்தத் தீவுக்கு டிராம்பே கரி யூனிட்டுகள் தூண். இதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 2020 அக்டோபர் 12ஆம் தேதி என்ன நடந்தது?

திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில் பம்பாய், தானே, நவி மும்பை எல்லாம் ஒரே அடியாக இருண்டன. கொரோனா காலம். அத்தியாவசிய ஊழியர்களுக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்த லோக்கல்கள் நட்ட நடு வழியில் நின்றன. ஆஸ்பத்திரிகள் ஜெனரேட்டரில் ஓடின. பரீட்சைகள் தள்ளிப்போயின. சில பகுதிகளில் மதியத்துக்குள் கரண்ட் வந்தது. மற்றப் பகுதிகளுக்கு வர மாலை, இரவு ஆயிற்று.

அன்று டிராம்பே மூடியா கிடந்தது? இல்லை. தஹானு மூடியா கிடந்தது? இல்லை. நாட்டில் கரிப் பஞ்சமா? அதுவும் இல்லை, ஊரடங்கால் தேவையே குறைந்திருந்த காலம் அது. விழுந்தவை கம்பிகள். கல்வா சப்-ஸ்டேஷனுக்கு வருகிற 400 கிலோவோல்ட் பாதைகளில் ஒன்றில் இரண்டு நாள் முன்னதாகவே கம்பி அறுந்திருந்தது. அதைச் சரிசெய்வதற்குள் இன்னொரு பாதை போயிற்று. அதன் பிறகு மிஞ்சியிருந்ததும் போயிற்று. அப்போது அந்தப் பெயர்பெற்ற தீவு ஏற்பாடு கை கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நகரத்துக்குள்ளே அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த உற்பத்தி, நகரம் இழுத்துக்கொண்டிருந்த பாரத்துக்குப் போதவில்லை; பாரத்தை வேண்டிய வேகத்தில் வெட்டிவிடவும் முடியவில்லை. தீவும் மூழ்கிற்று.

சீனாக்காரன் கம்ப்யூட்டர் வழியாகச் செய்த வேலை என்று 2021 மார்ச்சில் பத்திரிகைகளில் ஒரு பரபரப்பு. அப்போது மத்திய மின்துறை அமைச்சராயிருந்த ஆர்.கே.சிங், காரணம் மனிதத் தவறுதான் என்றார். எதிரியைத் தேடி இமயமலை வரை போவானேன்? கல்வாவிலேயே கிடைத்துவிட்டதே!

இங்கேதான் நாம் நிறுத்தி நிதானித்துப் பார்க்க வேண்டும். பம்பாய்க்குள் மேலும் ஆயிரம் மெகாவாட் கொண்டுவர கார்கர்–விக்ரோலி என்று ஒரு 400 கிலோவோல்ட் பாதை வெகு காலத்துக்கு முன்பே திட்டத்தில் இருந்தது. ஆண்டுக்கணக்கில் காகிதத்தில் தூங்கிற்று. கடைசியில் 2023 அக்டோபரில்தான் அதில் மின்சாரம் ஓடியது. அது முன்பே வந்திருந்தால் 2020இன் இருட்டு வந்திருக்காது என்று கட்டியவர்களே அறிவித்தார்கள். நாம் கேட்பது இது: பாதையைத் தூங்கவிட்டவர்கள் யாரோ அவர்கள் அல்லவா நகரத்தை ஆபத்தில் வைத்தவர்கள்? அவர்களை விட்டுவிட்டு, புகையை நிறுத்து என்று கேட்கிற மாஹுல் தாய்மார்களையா நகரத்துக்கு ஆபத்து என்பது?

கரி இருந்தால் விளக்கு எரியும் என்பதும் எழுதப்பட்ட விதியல்ல. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று கிரிட்டுகளும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் நிலப்பரப்பு. நூற்றுக்கணக்கான ரயில்கள் நின்றன. வங்காளத்தில் சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளர்கள் லிப்ட் இல்லாமல் உள்ளேயே தவித்தார்கள். எந்தக் கரி நாட்டுக்கு விளக்கேற்றுகிறது என்கிறார்களோ, அந்தக் கரியை வெட்டுகிறவன் இருட்டில் கிடந்தான்! இத்தனைக்கும் கரி நிலையங்கள் நிறைந்த கிரிட்டுகள் அவை. முதலில் கழன்றது பீனா–குவாலியர் பாதை, ஒரு கம்பி.

2022 கோடையில் வேறு விதமான கூத்து. கம்பிகள் நன்றாயிருந்தன, கரி வந்து சேரவில்லை. அனல் நிலையங்களின் முற்றத்தில் இருப்புத் தீர்ந்துகொண்டிருந்தது. கரி ரேக்குகளுக்கு வழிவிட ரயில்வே நிர்வாகம் பாசஞ்சர், எக்ஸ்பிரஸ் வண்டிகளை நூற்றுக்கணக்கான நடைகள் ரத்து செய்தது. கவுண்டரில் உட்கார்ந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்து வசவு வாங்கியவர்கள் எங்கள் ரயில்வே சகாக்கள். கல்யாணத்துக்குப் போக முடியாதவர்கள், துக்கத்துக்குப் போக முடியாதவர்கள் எத்தனையோ பேர். கரி என்பதும் தண்டவாளத்தையும் கப்பலையும் டாலர் விலையையும் நம்பி நிற்கிற பொருள்தான் என்பதை நாங்கள் அன்று டிக்கெட் டிக்கெட்டாக எண்ணினோம்.

சரி, மூடிய இடத்தில் என்ன ஆயிற்று? தில்லிக்குப் போவோம். 1973 முதல் ஓடிய பதர்பூர் அனல் நிலையம், 705 மெகாவாட். அதை மூடினால் தென் தில்லி இருண்டுபோகும் என்றுதான் அங்கும் சொன்னார்கள். அந்தப் பேச்சிலும் நியாயம் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு வேறு வழியாக மின்சாரம் வரப் போதிய வாசல் இல்லை. என்ன செய்தார்கள்? துக்ளகாபாத்தில் 400 கிலோவோல்ட் சப்-ஸ்டேஷனைக் கட்டி முடித்தார்கள். பிறகு 2018 அக்டோபர் 15ஆம் தேதி பதர்பூரை நிரந்தரமாக மூடினார்கள். 2024 ஜூனில் தில்லியின் தேவை 8600 மெகாவாட்டைத் தாண்டி ஏறியது. பதர்பூர் இல்லாமலே அதைச் சமாளித்தார்கள். முதலில் வாசல், பிறகு பூட்டு. இந்த வரிசைதான் முக்கியம்.

நம் கல்யாண் பக்கத்திலேயே ஒன்று உண்டு. தாகுர்லியில் ரயில்வேக்குச் சொந்தமாக சோளா பவர் ஹவுஸ் என்று கரியில் ஓடிய நிலையம் இருந்தது. லோக்கல்களுக்கு அதிலிருந்துதான் மின்சாரம் என்ற காலம் ஒன்று இருந்தது. 1980களோடு அதன் கதை முடிந்தது. லோக்கல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கூட்டம்தான் குறையவில்லை!

வரிசையைத் தப்பாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் ஒரு பக்கமாகப் பேசியதாகும். ஆஸ்திரேலியாவில் தெற்கு ஆஸ்திரேலியா என்ற மாநிலம் 2016 மே மாதம் தன் கடைசிக் கரி நிலையத்தை மூடியது. அதே ஆண்டு செப்டம்பர் 28இல் புயலடித்து மின் கோபுரங்கள் சாய்ந்தன. மாநிலம் முழுவதும் இருண்டது. கரியை மூடியதன் பலன் என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். விசாரித்ததில், கோபுரங்கள் சாய்ந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சியைத் தாங்காமல் காற்றாலைகள் கழன்றுகொள்ளும்படி அவற்றின் பாதுகாப்பு அமைப்பு இருந்தது தெரியவந்தது. அதைத் திருத்தினார்கள். 2017இல் பெரிய பேட்டரி நிலையம் வைத்தார்கள். 2021இல் நான்கு பெரிய சுழலும் இயந்திரங்களை நிறுவினார்கள். இவற்றில் பாய்லர் இல்லை, நெருப்பு இல்லை. கிரிட்டோடு சேர்ந்து சும்மா சுற்றும். நாம் முன்பு சொன்ன அந்தக் கனத்தை, அந்தச் சில விநாடி அவகாசத்தை, புகையில்லாமல் கொடுக்கும். அவர்கள் கரிக்குத் திரும்பவில்லை. அப்படியானால் டிராம்பேயில் கரி நின்ற பிறகும் ஜெனரேட்டரை மட்டும் நெருப்பில்லாமல் சுழலவிட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? போட்டிருந்தால் அந்தக் கணக்கைப் பொதுமக்கள் முன்னே வையுங்கள் என்கிறோம்.

சாயங்காலச் சங்கடத்துக்கு மருந்து வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. கர்ஜத்தைச் சுற்றி நூறாண்டாக இருக்கிறது. கோபோலி, பிவ்புரி, பீரா என்ற மூன்று நீர்மின் நிலையங்கள் சேர்ந்து 447 மெகாவாட் பம்பாய்க்குத் தருகின்றன. கோபோலி 1915இல் தொடங்கியது. பீராவில் 150 மெகாவாட் யூனிட் ஒன்று கீழிருந்து தண்ணீரை மேலே ஏற்றிவைத்துப் பிறகு இறக்கி ஓடுவது. நம் சாலில் தண்ணீர் வரும் நேரத்தில் பம்பு போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பி, இல்லாத நேரத்தில் குழாயைத் திறப்பதில்லையா, அதே வித்தைதான். பகலில் மலிவான சூரிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றினால், விளக்கு வைக்கும் நேரத்தில் கீழே இறக்கலாம். பிவ்புரியில் 1000 மெகாவாட்டுக்கும் ஷிரவ்டாவில் 1800 மெகாவாட்டுக்கும் இத்தகைய நிலையங்கள் கட்ட 2023இல் மாநில அரசோடு உடன்படிக்கை ஆயிற்று. பம்பாயின் கோடைக்கால உச்சத் தேவை 4000 மெகாவாட்டுக்குச் சற்று மேல். ஒப்பிட்டுப் பாருங்கள். இவை சீக்கிரம் எழும்பினால் டிராம்பேயின் கரி யூனிட்டுகளுக்கு என்ன அவசியம் மிஞ்சும்? எழும்பாவிட்டால், கார்கர் பாதையைப் போல இவையும் தூங்கினால், புகைபோக்கிக்கு இன்னும் பத்தாண்டு ஆயுள்.

தூங்காது என்று நம்ப முடியவில்லை. டிராம்பே மின்சாரத்தை வாங்கும் ஒப்பந்தம் 2019இல் ஐந்தாண்டுக்கென்று போடப்பட்டது. 2024இல் இன்னும் ஐந்தாண்டுக்கு நீண்டது. 2030 வரை எந்த அனல் நிலையத்தையும் மூடாதீர்கள் என்று 2023 ஜனவரியில் மத்திய மின்சார ஆணையம் எல்லாருக்கும் எழுதியது. புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவியைப் பொருத்தியே தீர வேண்டும் என்று நாட்டின் அனல் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடுவைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். 'தற்காலிகமாக' என்ற சொல்லுக்குச் சர்க்கார் அகராதியில் என்ன அர்த்தம் என்று குடிசையில் இருக்கிற நமக்குத் தெரியும். 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியைக் காலிசெய்து நம் ஜனங்களைச் சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். கோலார் தங்க வயலில் பிறந்த நம் ஜாக்கின் அற்புதம் அந்தக் காலனிக்காக எத்தனை ஆண்டு மல்லுக்கட்டினார்! தேசத்தின் தேவை என்று சொன்ன இடத்தில் எல்லாம் நகர வேண்டியவர்களும் பொறுக்க வேண்டியவர்களும் நாமாகவே இருந்திருக்கிறோம்.

மாஹுலைப் பாருங்கள். அங்கே காற்றால் மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே சொல்லிவிட்டது. சொன்ன பிறகும் வேறு இடங்களில் குடிசை இடித்த குடும்பங்களை ஆயிரக்கணக்கில் அங்கே குடியேற்றினார்கள். இனி யாரையும் அங்கே அனுப்பாதே, போக மறுப்பவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்று 2019 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அங்குள்ள நாற்றமும் நஞ்சும் முழுக்கப் பவர் ஹவுஸின் வேலையல்ல. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனத் தொட்டிகளும் லாரிகளும் இருக்கின்றன. கரியை மட்டும் நிறுத்திவிட்டால் மாஹுல் மலைவாசஸ்தலம் ஆகிவிடும் என்று நாம் யாருக்கும் ஆசை காட்டவில்லை. பாரத்தில் ஒரு மூட்டை குறையும்.

பவர் ஹவுஸுக்குள் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளை மறந்து பேசினால் இந்தச் சங்கம் சங்கமல்ல. நிலையம் மூடினால் நிரந்தர ஊழியருக்கு மாற்றலோ பணமோ கிடைக்கும். கரி அள்ளுமிடத்திலும் சாம்பல் அள்ளுமிடத்திலும் ஒப்பந்தத்தில் இருக்கிறவனுக்கு? காண்டிராக்டர் கேட் பாஸை வாங்கிக்கொண்டு நாளை வராதே என்பான், அவ்வளவுதான். அவன் வேலை போகுமே என்று இன்றைக்குக் கண்ணீர் விடுகிற முதலாளிமார், அவனுக்குப் பி.எப். கட்டினார்களா என்று முதலில் சொல்லட்டும். மூடும் தேதியோடு சேர்த்தே ஒப்பந்தத் தொழிலாளர் பெயர்ப் பட்டியலும், புதிய பேட்டரி நிலையத்திலும் சப்-ஸ்டேஷனிலும் அவர்களுக்கு முதல் உரிமையும், அதற்கான பயிற்சியும் எழுத்தில் வர வேண்டும். அது வராத மூடலை நாமே எதிர்ப்போம்.

இனி நடக்க வேண்டிய காரியம். கட்டணமோ, மின்சாரம் வாங்கும் ஒப்பந்தமோ மாற்ற வேண்டுமானால் மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் மனுப் போட வேண்டும். கட்டண மனுக்களின்மேல் பொதுமக்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். விசாரணையில் எழுந்து பேசலாம். கப் பரேடில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆணையத்தின் முன் இதுவரை கம்பெனி வக்கீல்களும் சில நுகர்வோர் சங்கங்களும்தான் பேசியிருக்கிறார்கள். மீட்டர் நம் வீட்டில் ஓடுகிறது, பில் நம் பெயரில் வருகிறது. நாம் பேசக் கூடாதா? டிராம்பே, தஹானு கரி யூனிட்டுகள் ஒவ்வொன்றுக்கும் மூடும் தேதி என்ன, அதற்கு முன் முடிய வேண்டிய பாதை எது, சேமிப்பு நிலையம் எது, ஒவ்வொன்றும் எந்த மாதம் முடியும், தாமதமானால் அபராதம் யார் தலையில், 2020க்குப் பின் தீவு ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்களா, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டு ஒரு மனு மராத்தியில் தயாராகிறது. நம் பிள்ளைகளில் மராத்திப் பள்ளியில் படித்தவர்கள் எழுதிக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் பழைய மின் பில் ஒன்றின் நகலைக் கொண்டுவர வேண்டும். வாடிக்கையாளர் எண் தேவைப்படும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரர் பெயரிலுள்ள பில்லைக் கொண்டுவந்தாலும் போதும். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை ஒன்பது மணி முதல் சங்க அறை திறந்திருக்கும்.